கஷாயமாய்ப் போன ஒயின்

மார்கழி பிறந்தால் என் வீட்டுக்காரருக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். விடிகாலையில் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கிணற்றடியில் போய் நிற்பார். அரசலாற்றுப் பக்கமிருந்து பனி வந்து வாழைகளை மூடியிருக்கும். கிணற்று ராட்டினம் கண்ணுக்குத் தெரியாது. வாளியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் காதில் விழும். அந்தப் பனிக்கு நேரே வாயைக் குவித்து "ஹா" என்று ஊதுவார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். மறுபடியும் ஊதுவார்.

"என்னங்க பண்றீங்க?"

"மூச்சு பொகையா வருதான்னு பாக்குறேன்."

"வருதா?"

"இல்ல."

யுத்தம் முடிகிற சமயத்தில் சொல்தாவாகப் போய் மூன்று குளிர்காலம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர் அவர். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயைச் சொல்தா என்றுதான் சொல்வோம். திரும்பி வந்து காரைக்கால் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா ஆனார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். தலத்தெருவில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் அறுவடைக்கு முந்தின விடியலில் வரப்பில் நடக்கும்போது காலில் படுகிற பனிதான். அவருடைய குளிரோ வேறு. அங்கே ஆற்றின் மேல் நடக்கலாமாம். மரங்களில் ஒரு இலைகூட இருக்காதாம். ஜனங்கள் பேசினால் பேச்சு வெள்ளையாக வாயிலிருந்து வெளியே வருமாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது நான் கேலி செய்வேன். ஆனால் படுத்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த வெள்ளைப் பேச்சை நினைத்துப் பார்ப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வருஷத்துக்கு ஒரு நாள், மார்கழியில் நன்றாகப் பனி இறங்குகிற ஒரு சாயங்காலம், அவர் ஒயின் காய்ச்சுவார். 'வேன் ஷோ' என்பார். சூடான ஒயின் என்று அர்த்தமாம். கடைத்தெருவில் அப்போது பிரெஞ்சு ஒயின் தாராளமாகக் கிடைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்தில், மதுவிலக்கு. எங்கள் ஊரில் மளிகைக் கடைக்கு நாலு கடை தள்ளி ஒயின் கடை. கூடத்தில் பம்பு ஸ்டவ்வை வைத்து, ஒரு ஈயம் பூசிய பாத்திரத்தில் ஒயினை ஊற்றி, அவரே எல்லாம் செய்வார். என்னைக் கிட்டே விடமாட்டார். "இது அடுப்படி வேலை இல்ல" என்பார். ஸ்டவ் எரிந்தால் அது அடுப்படிதானே? ஆண்பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு நாள் கரண்டி பிடித்தால் அதற்குக் கும்பாபிஷேகத்துக்குச் செய்கிற அமர்க்களம் செய்வார்கள்.

நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு மணத்தை மட்டும் வாங்கிக்கொள்வேன். முதலில் பட்டை. பிறகு கிராம்பு. பிறகு கமலாப்பழத் தோல். கடைசியில் எல்லாம் ஒன்றாகி, எங்கள் வீட்டில் இல்லாத ஏதோ ஒரு அறைக்குள் நான் உட்கார்ந்திருப்பது மாதிரி ஆகிவிடும். காபி டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு அவர் வாசல் பக்கம் வந்து நிற்பார். சிவப்பாக ஆவி பறக்கும். ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் விழுங்காமல் வைத்திருப்பார். "இந்தா, நீயும் ஒரு வாய்" என்று நீட்டுவார். நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வேன். இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்து இதமாகத்தான் இருக்கும். வெளியே சொல்லமாட்டேன். "சாராயத்துக்கு இத்தனை சாம்பிராணியா" என்பேன்.

இப்படி நாலு மார்கழி போயிற்று. ஐந்தாவது மார்கழிக்கு முந்தின ஐப்பசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் கொடுத்துவிட்டார்கள். கொடி மாறியது. தெருவெல்லாம் தோரணம் கட்டினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். ஒயின் கடைக்காரர் இனி கப்பல் சரக்கு வராது என்று மிச்சம் இருந்ததைத் தள்ளிவிட்டார். எங்கள் வீட்டு நெல் குதிருக்குள் இரண்டு பாட்டில் வந்து சேர்ந்தது.

அந்தக் கார்த்திகையில் என் அளவு ரவிக்கை காணாமல் போயிற்று. தையற்காரரிடம் மாதிரிக்குக் கொடுப்பதற்கென்றே வைத்திருக்கிற நல்ல ரவிக்கை அது. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், கொடியில் தேடினேன், வேலைக்கு வருகிறவளைச் சந்தேகப்பட்டு அவளிடம் ஏச்சும் வாங்கினேன். கடைசியில் கடைத்தெருவில் தையற்காரரே கூப்பிட்டுச் சொன்னார்.

"ரவிக்கை எங்கிட்டதான் இருக்குங்க. அண்ணன் கொண்டாந்து குடுத்தாங்க. கம்பளிக் கோட்டு தைக்கணும்னு. கை நீளம் மட்டும் அளவு பத்தல. ரவிக்கையில ஏதுங்க முழுக்கை? வந்தது வந்தீங்க, கையை நீட்டுங்க, அளந்துக்கறேன்."

நடுக்கடைத்தெருவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு எதற்குக் கம்பளிக் கோட்டு என்று தையற்காரரைக் கேட்க வெட்கமாக இருந்தது. அவரே சொன்னார். "பிரான்சுக்குப் போறீங்களாமே!"

ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. ஆபீஸ் பியூனுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். கணக்கு வழக்குகளை ஒப்படைப்பதற்காக இன்னும் தங்கியிருந்த துரையிடம், அதாவது இவருடைய மேலதிகாரியான வெள்ளைக்காரரிடம், ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறார். அதில் கையெழுத்து விழுந்தால் அங்கே ஒரு ஆபீசில் வேலை. தை பிறந்ததும் கப்பல். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சண்டைக்கு அஞ்சி மறைத்தார் என்று சொல்ல முடியாது. அவர் போனால் நானும் போவேன், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பெட்டியைத் தூக்கும்போது பெட்டியை யார் கேட்கிறார்கள்?

எனக்குப் போக விருப்பமில்லை. பயம் என்றே சொல்லலாம். குளிருக்கு இல்லை. எனக்கு வாய் நீளம். மீன்காரியோடு பேரம் பேசி, பக்கத்து வீட்டோடு தண்ணீருக்குச் சண்டை போட்டு, சாயங்காலமே சமாதானமாகி, அப்படித்தான் என் பொழுது போகும். அங்கே போனால் நான் யாரோடு பேசுவேன்? வாயைத் திறந்தால் வெறும் புகைதான் வரும். இருபத்து நாலு வயதில் ஊமையாகிவிடுவேன்.

பக்கத்து வீட்டு லாத்தாவிடம்தான் சொல்லி அழுதேன். லாத்தா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீட்டுப் பேச்சில் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் சைகோனில் கடை வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார்.

"போகமாட்டேன்னு நீ சொன்னியா புள்ள?"

"அவரு கேட்டாத்தானே லாத்தா சொல்றது?"

"கேக்காட்டிப் போனா என்ன, நீயா சொல்லு. எங்கிட்டப் பேசுற வாய்தானே அது?"

ஊரையே வாயால் வளைக்கிறவளுக்கு அந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. கேட்காமல் சொன்னால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று ஒரு வீம்பு. இப்போது நினைத்தால் அந்த வீம்பின் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் பியூன் ஒரு சீட்டுக் கொண்டுவந்தார். வீட்டுக்காரரின் கையெழுத்து. "துரை நாலு மணிக்கு நம் வீட்டுக்கு வருகிறார். எனக்கு வேலை முடியாது, அவரோடுதான் வருவேன். குதிரில் இருக்கும் இரண்டு பாட்டிலையும் சூடாக்கி வை. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், கமலாத் தோல், சர்க்கரை சேர்." அவ்வளவுதான். கடிதத்தில் கையெழுத்து வாங்குகிற நாள் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஜாதிக்காய் வீட்டில் இல்லை. லாத்தா வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினேன். அவர்கள் வீட்டில் கப்பலில் வந்த சாமான் எப்போதும் இருக்கும். ஜாதிக்காயோடு ஒரு சுருள் இலங்கைப் பட்டையும் கொண்டுவந்து என் முந்தானையில் போட்டார்.

"எதுக்குன்னு நான் கேக்கல, நீயும் சொல்லாதே. எனக்குத் தெரியலைன்னா எனக்கு ஹராமில்ல."

பம்பு ஸ்டவ்வைப் பற்றவைக்க எனக்குப் பயம். விறகடுப்பில் மண்சட்டியை ஏற்றி இரண்டு பாட்டிலையும் கவிழ்த்தேன். பட்டை போட்டேன், கிராம்பு போட்டேன். பிறகு என் கை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்தது. துரைக்கு மாதக் கணக்கில் இருமல் என்று இவர் சொல்லியிருந்தார். இருமலுக்குச் சுக்கு வேண்டாமா? சுக்கைத் தட்டிப் போட்டேன். சுக்கு போட்டால் மிளகு வேண்டும், மிளகு போட்டால் திப்பிலி வேண்டும். சர்க்கரை நெஞ்சைக் கட்டும் என்று கருப்பட்டியை உடைத்துப் போட்டேன். என் பிறந்த வீட்டில் இப்படிப் போட்டு அடுப்பில் வைக்கிற எதையும் ஒரே விதமாகத்தான் காய்ச்சுவோம். சிறு தீயில் வைத்து, நாலு பங்கு ஒரு பங்காகிற வரைக்கும் சுண்ட விடவேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் அது கஷாயம் இல்லை, கழுநீர். அதனால் சட்டியின் உட்புறம் ஈர்க்குச்சியை நிறுத்தி அளவு பார்த்து வைத்துக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கொதி வந்தது. ஆவி எழும்பி முகத்தில் அடித்தது. அடுப்படி சின்னது, ஜன்னலும் சின்னது. வெளியே மேகமூட்டம், மத்தியானமே சாயங்காலம் போல மங்கியிருந்தது. அந்த ஆவியில் உட்கார்ந்திருக்க உட்கார்ந்திருக்க எனக்குக் காதெல்லாம் சூடாயிற்று. உடம்பு பஞ்சாகிவிட்டது. எழுந்து போகலாம் என்று தோன்றியது, எழுந்திருக்கத்தான் தோன்றவில்லை. குடிக்காமலே எனக்கு ஏறிவிட்டது என்பது அப்போது தெரியாது.

சுவரில் ஆவி படிந்து வெள்ளையாக இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சுவராக இல்லை, தெருவாக இருந்தது. இரண்டு பக்கமும் இலையில்லாத மரங்கள். தரையெல்லாம் அரிசிமாவு கொட்டின மாதிரி வெள்ளை. இத்தனை மாவிருந்தால் எவ்வளவு பெரிய கோலம் போடலாம் என்று நினைத்துக் குனிந்தேன். கையில் எடுத்தால் ஜில்லென்று இருந்தது, மாவு மாதிரி விரலிடுக்கில் விழாமல் ஒட்டிக்கொண்டது. தூரத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், இருபது வயதுப் பையனாக, மீசை இல்லாமல். கையில் டம்ளர். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சொன்னது வெள்ளையாக வந்து என் முகத்தில் பட்டுக் கரைந்தது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கிணற்றடியில் நான் பார்க்காத சந்தோஷம் அது. பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து புகைகூட வரவில்லை.

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். அடுப்பில் சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மணம் மாறியிருந்தது. மயக்குகிற வாசனையெல்லாம் போய், எங்கள் அம்மா வீட்டு மழைக்கால வாசனை வந்துவிட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. போன வருஷம் அவர் ஆபீஸ் சிநேகிதர் ஒருவரிடம் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மாவாட்டியபடி கேட்டேன். "கொதிக்க மட்டும் விடக் கூடாது. ஓரத்துல சின்னச் சின்ன முத்து கெளம்பும், அப்ப எறக்கிப்புடணும். கொதிச்சா அதோட உசுரு போயிடும்."

ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். சரிபாதி இருந்தது.

அப்போதே இறக்கியிருக்கலாம். பாதியாவது ஒயின் மாதிரி இருந்திருக்கும். ஒரு துணியை எடுத்துச் சட்டியைப் பிடிக்கக்கூடப் போனேன். பிறகு அந்தத் துணியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன். தள்ளிவிட்டு அழுதேன். கெடுதல் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தேன்.

நாலு மணிக்குத் துரை வந்தார். நெட்டையாக, தோள் வளைந்து, கைக்குட்டையில் இருமிக்கொண்டே வந்தார். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் அவர், பெட்டியின் மேல் இவர். மேஜையில் கடிதமும் பேனாவும் தயாராக இருந்தன. நான் கதவோரம் நின்றேன். இருவரும் பிரெஞ்சில் பேசிச் சிரித்தார்கள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. துரை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது. அரைமணி நேரம் என் வீட்டிலேயே நான் ஊமையாக நின்றேன்.

டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு பாட்டிலும் சுண்டி மூன்று சின்ன டம்ளர் தேறியிருந்தது. சிவப்பில்லை, தார் மாதிரி கறுப்பு. இவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் துரை ஒரு வாய் குடித்துவிட்டார்.

கண்ணை அகல விரித்தார். காது சிவந்தது. பெரிதாக ஒரு இருமல் இருமினார். வீடே அதிர்ந்தது. சரி, எல்லாம் முடிந்தது என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு மீதியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று டம்ளரை என் பக்கம் நீட்டினார். இரண்டாவதையும் குடித்துவிட்டு, மாதக் கணக்கில் அடைத்திருந்த நெஞ்சு திறந்துவிட்டது என்று இவரிடம் சொன்னாராம். சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்துக் கடிதத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது எனக்குக் கைகூப்பி வணக்கம் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கெட்டிக்காரி என்றால் நான்தான். கெடுக்கப் போட்ட விறகு கப்பல் டிக்கெட்டாக வந்து நின்றது.

வாசல் வரை போய் அனுப்பிவிட்டு இவர் திரும்பி வந்தார். பெட்டியின் மேல் உட்கார்ந்து, தன் பங்கு டம்ளரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"கொதிக்க வுட்டிருக்கே."

"ஆமாங்க."

"தெரியாமயா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாதி வரைக்கும் தெரியாமங்க. மீதி தெரிஞ்சே."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்துவிட்டிருந்தது. தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். பிறகுதான் கேட்டார்.

"உனக்குப் போவணும்னு இல்லையா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை எத்தனையோ கேட்டிருக்கிறார். சட்டை எங்கே, சாவி எங்கே, குழம்பில் ஏன் உப்பில்லை. உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"இதை ஒரு மாசம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா ரெண்டு பாட்டிலும் மிஞ்சியிருக்கும்" என்றேன்.

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கடிதத்தை மடித்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைத் திறந்து, தன்னுடைய பட்டாளத்து உடுப்புக்குக் கீழே வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தையற்காரர் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கறுப்புக் கம்பளி, முழங்கால் வரைக்கும், கை நீளம் கச்சிதம். இவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொடியில் போட்டார்.

மறுநாள் விடியலில் கண் விழித்தபோது அவர் பக்கத்தில் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. பனியில் கிணற்றடியே தெரியவில்லை. "ஹா" என்ற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும். அடுப்பை மூட்டிச் சுக்குக் காபி போட்டேன், லாத்தா கொடுத்த பட்டையில் மிச்சம் இருந்த துண்டையும் கிராம்பையும் தட்டிப் போட்டு. பிறகு கொடியிலிருந்த கோட்டை எடுத்துப் புடவைக்கு மேல் மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, டம்ளரோடு வெளியே போனேன். வேலிக்கு அப்பால் லாத்தா பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

டம்ளரை அவர் முகவாய்க்குக் கீழே பிடித்து, "இப்ப ஊதுங்க" என்றேன். ஊதினார். ஆவி வெள்ளையாக எழும்பி எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் நின்று மெல்லக் கலைந்தது.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கோட்டின் காலரை இழுத்துச் சரியாக விட்டார்.

"ரொம்பக் குளிருதா?"

"ஆமாங்க, ரொம்பக் குளிருது" என்றேன். உள்ளே முதுகெல்லாம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.